மைதானத்தின் மேல் எழுந்த வகுப்பறைகள்

சார், புதுக் கட்டடத்தின் பெயின்ட் வாடை இன்னும் போக மாட்டேன் என்கிறது. ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தும் எனக்குத் தலைவலிதான். பிள்ளைகள் தும்மிக்கொண்டே பரீட்சை எழுதுகிறார்கள்.

திறப்பு விழா நல்லபடியாக முடிந்தது. சென்னையிலிருந்து காணொளியில் திறந்து வைத்தார்கள்; நாங்கள் இங்கே டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கை தட்டினோம். பிறகு மேடையில் ஒவ்வொருவராக எழுந்து, வளர்ந்துவரும் பள்ளி, மாவட்டத்துக்கே முன்மாதிரி என்று பேசினார்கள். அந்தப் புழுக்கத்தில் எனக்குச் சால்வை வேறு. வேர்த்து வழிந்துகொண்டு நான் நின்ற இடம், நீங்கள் நீளம் தாண்டுவதற்கு மணல் கொட்டி வைத்திருந்த இடம். பேசியவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆளான நீங்கள் போன வருஷமே போய்விட்டீர்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மற்ற செய்திகளும் உங்களுக்குப் பிடிக்கப் போவதில்லை. திறந்த வாரத்திலேயே எல்லா வகுப்பறையும் நிறைந்துவிட்டது. ஏழாம் வகுப்பின் புதுப் பிரிவு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்மார்ட் டிவி வந்து இறங்கியது, அதை மாட்ட ஆள் வரவில்லை. உங்கள் இடத்துக்கும் ஆள் போடவில்லை. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார். கேட்டால், "வெளிய விட்டா எங்க டீச்சர் போகும் பிள்ளைக?" என்கிறார்.

இவ்வளவுக்கும் காரணம் நீங்கள்தான். யாராவது உங்களிடம் பிள்ளை பிடிக்கச் சொன்னார்களா? ஓட்டம், கபடி, கோகோ என்று உங்கள் வேலையைப் பார்த்திருக்கலாம். விடியும் முன்னே கம்பம் போய், ஏலக்காட்டு வேலைக்கு மலையேறும் பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்கும் இடத்தில் நீங்களும் போய் நிற்பீர்கள். அவர்களோடு ஒரு டீ குடிப்பீர்கள். "ஆத்தா, பிள்ளைய எங்கன விட்டுட்டுப் போற? நம்ம பள்ளிக்கூடத்துல விடு. ஓட விட்டுப் பாக்குறேன்" என்பீர்கள். உத்தமபாளையத்தில் நடந்த போட்டியில் நம் பெண்கள் கோப்பையோடு திரும்பி வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஊருக்குள் வந்துபோன தனியார் பள்ளி வேன்கள் பாதி காலியாக ஓட ஆரம்பித்தன.

என் தலைமையாசிரியை அறை வாசலில் ஒரு தாயும் பிள்ளையும் நின்றால், பின்னால் நீங்கள் நிற்பீர்கள்.

"சார், எங்கன உக்கார வைக்கிறது? சொல்லுங்க."

"உக்கார வைக்காதீக டீச்சர். என்கிட்ட விடுங்க, ஓட விடுறேன்."

சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். பெஞ்சு கேட்டு அலைவது நான். ஒரே அறையில் இரண்டு வகுப்பு, ஒன்று கிழக்கே பார்த்து, ஒன்று மேற்கே பார்த்து. இந்தப் பக்கம் அசோகரைப் பற்றிக் கேட்டால் அந்தப் பக்கத்துப் பிள்ளை பதில் சொல்லும். மிச்சம் இருந்தவர்கள் வேப்பமரத்தடியில். மலையிலிருந்து சாரல் இறங்கினால் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வருவார்கள்.

கடைசியில் கட்டடத்துக்கு அனுமதி வந்தது. உங்கள் கையில்தான் முதலில் லட்டு கொடுத்தேன். மறுநாள் இன்ஜினியர் வந்து பள்ளியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மைதானத்தைக் காட்டி, "இங்கதான் வரும், வேற எடமில்ல" என்றார். உங்கள் முகம் செத்துப்போனது.

அன்று சாயங்காலம் என் அறைக்கு வந்து, உட்காராமலே பேசினீர்கள்.

"நான் கொண்டாந்த பிள்ளைகளுக்கு விளையாட எடம் இல்லாம நானே பண்ணணுமா டீச்சர்? கிழக்க அவ்வளவு பொறம்போக்கு கருவேலம் மொளச்சுக் கெடக்கு. அத வாங்கி அங்கன கட்டச் சொல்லுங்க."

"அந்த நெலம் நம்ம பேருக்கு மாற வருஷக்கணக்கா ஆகும். அதுக்குள்ள வேலைய ஆரம்பிக்கலேன்னா கட்டடம் வேற ஊருக்குப் போயிரும்னு சொல்றாக."

"போகட்டும்."

"மழையில நனையிற பிள்ளைககிட்டப் போய் அதச் சொல்லுங்க."

நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு போனீர்கள். அதற்கப்புறம் நாம் வணக்கம் சொல்வதோடு சரி. நீங்கள் தனியாக அலுவலகம் அலுவலகமாக அலைந்தீர்கள். போன இடமெல்லாம் பார்க்கலாம், எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறோம் என்றார்கள். சாயங்காலம் திரும்பி வந்து மைதானத்தை இரண்டு சுற்று ஓடுவீர்கள். அந்த வயதில் அது தேவையா என்று கேட்க நினைத்து, பேச்சு இல்லாததால் கேட்கவில்லை.

பிறகு அந்த மழை நாள். சாரல் என்று நினைத்தது கொட்டித் தீர்த்துவிட்டது. மரத்தடி வகுப்பு ஓடி வந்து ஒதுங்க வராந்தாவிலும் இடமில்லை. சின்னப் பிள்ளைகளை நீங்கள் சுவரோரமாக நிறுத்தி, முன்னால் நின்று உங்கள் முதுகில் மழையை வாங்கினீர்கள். ஒரு பெண் குளிரில் நடுங்கிக்கொண்டே, நனைந்த நோட்டைப் பிரித்துப் பக்கங்களை ஊதிக்கொண்டிருந்தாள். நீங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் நான் வரும்போது மைதானத்தில் இன்ஜினியர் நாடாவைப் பிடித்திருந்தார். சுண்ணாம்புத் தூளைக் கையில் அள்ளி, அவர் சொன்ன அளவுக்கு அஸ்திவாரக் கோடு போட்டுக்கொண்டிருந்தது நீங்கள். ஓட்டப் பாதைக்குப் போடுகிற அதே ஒழுங்கு. கோணல் இல்லை. நான் பக்கத்தில் வந்து நின்றதும் நிமிராமலே சொன்னீர்கள்:

"ரூமு வரட்டும் டீச்சர். ஆனா அந்தப் பொறம்போக்கக் கேக்குறத மட்டும் விட்டுறாதீக. நாம வாய மூடிட்டா அவுக மறந்துருவாக."

சரி என்றேன். அப்போது அது உங்கள் வேலை என்று நினைத்துத்தான் சரி என்றேன். தூண் எழும்பிக்கொண்டிருந்தபோது, கோடை விடுமுறையில் ஒரு காலை, உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கு அழக்கூட எனக்குத் தோன்றவில்லை, சார். இந்த மனுஷன் எப்படி இப்படிப் பாதியில் விட்டுவிட்டுப் போகலாம் என்ற ஆத்திரம்தான் முதலில் வந்தது. அழுகை பள்ளி திறந்த அன்று வந்தது. காலை வழிபாட்டில் வரிசை கோணலாக நின்றது. சரி செய்ய ஆள் இல்லை.

நிலத்துக்காக நான் போக ஆரம்பித்தேன். எனக்கு அலுவலகப் படி ஏறுவதே பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். முதல் தடவை அதிகாரி இல்லை. அடுத்த தடவை கூட்டம். அதற்கடுத்த தடவை, மேசையில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மைதானம் கேட்டது உங்க பி.டி. சார்தானம்மா? அவரு தவறிட்டார்ல?" என்றார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது என்கிற மாதிரி. வெளியே வந்து பஸ் ஏறி, கம்பம் வரும்வரை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை வரிசையாக நினைத்துக்கொண்டு வந்தேன். பிரயோஜனம்?

அடுத்த தடவை தனியாகப் போகவில்லை. நீங்கள் ஜீப் நிறுத்தத்தில் பேசிப் பேசிப் பிள்ளையைச் சேர்க்க வைத்தீர்களே முருகேஸ்வரி, அவள்தான் இப்போது பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. ஒரு நாள் ஏலக்காட்டு வேலையை விட்டுவிட்டு, இன்னும் சில தாய்மாரோடு வந்தாள். அதே மேசை, அதே ஆள், அதே பேச்சு. நான் வாயைத் திறப்பதற்குள் முருகேஸ்வரி, "சாரு செத்துட்டாக. எங்க பிள்ளைக இருக்குதுகள்ல? அதுக்குத்தான் கேக்குறோம்" என்றாள். "மேலதிகாரி மத்தியானம்தான் வருவாரு" என்றார் அவர். "வரட்டும். நாங்க இங்கனயே இருக்கோம்" என்று பெஞ்சில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தாள். எல்லோரும் சாப்பிட்டோம். எனக்கும் ஒரு உருண்டை தயிர்ச்சோறு கையில் வைத்தாள். மேலதிகாரி வந்தார், கேட்டார், நிலத்தை அளக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். எங்களை மறந்துவிடாமல் இருக்க அதற்குப் பிறகும் நாலைந்து தடவை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தாய்மார் வந்தார்கள்.

அளந்தார்கள், சார். நிலம் வந்தது. முழுசாக இல்லை, பாதி. மீதி வேறு ஏதோ துறைக்கு வேண்டுமாம். என்ன துறை, எதற்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பிள்ளையின் அப்பா ஜேசிபி கொண்டுவந்து கருவேலத்தை வேரோடு பிடுங்கிப் போட்டார். நேற்று முதல் தடவையாகப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனேன். நூறு மீட்டருக்கு நேராக ஓட இடம் இல்லை. வேலிக்கு முன்னால் திரும்ப வேண்டும். எப்படி ஓட விடுவது என்று எனக்கு என்ன தெரியும்? சும்மா "ஓடுங்க" என்றேன். ஓடினார்கள். முள் குத்தி இரண்டு பேர் நொண்டிக்கொண்டு வந்தார்கள். ஊக்கால் முள்ளை எடுத்து விட்டதும் மறுபடி ஓடினார்கள். கணக்கு டீச்சரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார், அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். தலைமையாசிரியை சாதித்துவிட்டார் என்று வாட்ஸ்அப் குரூப்பில் பூங்கொத்துப் படங்களாக வந்து குவிகின்றன. நான் யாருக்கும் பதில் போடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களோடு இத்தனை வருஷம் வேலை பார்த்ததில் இந்தக் குணம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு காரியம் பாதி நடந்தால் சந்தோஷப்பட வரவில்லை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன், மீதியைக் கேட்க.