நான் பிழை திருத்திய சட்டம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். உன் நலத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. தீர்ப்பு வந்த அன்று மாடி மாடியாக ஏறி, எல்லா வீட்டுக் கதவையும் தட்டி, "எம் புள்ள வர்றான்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று நீதிமன்றத்தில் நானும் இருந்தேன். வேலைநிறுத்தத்தில் பேசியதற்காக யாரையும் விசாரணை இல்லாமல் அடைத்துவைக்க முடியாது, அப்படி அடைக்கச் சொல்லும் சட்டம் செல்லாது, துறைமுகத் தொழிலாளர்கள் எல்லோரையும் விட வேண்டும் என்று நீதிபதி நிதானமாக வாசித்தார். வக்கீலம்மா என் கையை நசுக்கியே விட்டார். அங்கிருந்து நேராகப் போய் உனக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு சிறைவாசலுக்கு வந்தேன். "மேலேர்ந்து உத்தரவு வரலைம்மா, நாளைக்கு வாங்க" என்றார் காவலர். மறுநாளும் அதே பதில்.

ஏன் இழுத்தடித்தார்கள் என்பது எனக்கு அச்சகத்தில்தான் புரிந்தது. சட்டமன்றத்து மசோதாக்கள் எங்களிடம்தானே அச்சுக்கு வரும். அவசரம் என்று ஒன்றைப் பிழை பார்க்க என் மேஜையில் வைத்தார்கள். 'எந்த நீதிமன்றம் என்ன தீர்ப்பு அளித்திருந்தபோதிலும்' என்று ஆரம்பித்தது. படிக்கப் படிக்க, அது உங்களை உள்ளேயே வைத்திருக்கத்தான் என்று தெரிந்துவிட்டது. 'காவலில்' என்ற சொல்லில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. வைத்துவிட்டேன். பழகிய கை, தானாகப் போய்விட்டது. பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அச்சகக் கண்காணிப்பாளரிடம் போய், இது என் தம்பி விஷயம், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். அவர் நிமிரவே இல்லை. "நீ பாக்கலைன்னா பக்கத்து மேஜை பாக்கும். போம்மா" என்றார்.

மறுநாள் சட்டமன்றத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அதை நிறைவேற்றிவிட்டார்கள். நம் தொகுதி உறுப்பினரை வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். "தப்புன்னு எனக்கும் தெரியும்மா. கட்சி கையைத் தூக்கச் சொல்லுச்சு, தூக்கினேன். கோர்ட்டு பாத்துக்கும்" என்றார். வக்கீலம்மாவோ, "கோர்ட்டு ரத்து பண்ணது பழைய சட்டத்தை. இது புதுசு. மறுபடி முதல்லேர்ந்து போகணும்" என்கிறார். உறுப்பினர் கோர்ட்டைக் காட்டுகிறார், கோர்ட்டுக்கோ முதலிலிருந்து போக வேண்டுமாம். நான் யாரிடம் போய் நிற்பேன்?

மனு போட்டாகிவிட்டது. தேதி இன்னும் கொடுக்கவில்லை. அம்மாவிடம் புதுச் சட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. விடுதலைக் காகிதம் வர நேரமாகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று காவலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சட்டம் வந்த நாளிலிருந்து நீ தட்டைத் தொடவில்லையாம். உன் கோபம் நியாயம். அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை கூட இல்லை. உனக்கென்று நான் செய்யக்கூடியதும் எதுவும் மிச்சமில்லை, கேட்பதைத் தவிர. அவர்கள் என்றைக்காவது ஒரு முடிவுக்கு வருவார்கள். அன்று வெளியே நடந்து வர நீ இருக்க வேண்டும், கண்ணா. இரண்டு வாய் சாப்பிடு. சாப்பிட்டேன் என்று மட்டும் அவரிடம் சொல்லி அனுப்பு, போதும்.

நீ நூறு வயசு இருக்கணும்.

உன் அக்கா