தண்ணி வந்துச்சா?

அன்புள்ள சகலைக்கு,

இங்கே நான் நலம். அங்கே நலமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. நீங்கள் அனுப்புகிற போட்டோக்களைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி அநாவசியம். நீளமான சாப்பாட்டு மேசை, ஜன்னலுக்கு வெளியே மரம், மடியில் உங்கள் குழந்தையை வைத்துக்கொண்டு என் மனைவி. கன்னம் நன்றாக உப்பியிருக்கிறது. இங்கே போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், அங்கே பல் தெரியச் சிரிக்கிறாள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனைப் போட்டால் ஸ்பீக்கரில் வைத்துவிடுகிறீர்கள். குடும்பமே கேட்கும்போது மனுஷன் என்ன பேசுவது? மழையா, வெயிலா, சாப்பிட்டாச்சா, அவ்வளவுதான். அதனால்தான் வீட்டு விலாசத்துக்கு இல்லாமல் உங்கள் கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். அவளிடம் காட்ட வேண்டாம்.

தங்கச்சி பிரசவத்துக்குத் துணையாக இருந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் விமானம் ஏறினாள். ஒருமுறை விசாவை நீட்டித்தீர்கள், பிள்ளை பெற்ற வீடு, நான் வாய் திறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவி பேசும்போது, மறுபடியும் நீட்டிக்க விண்ணப்பம் போடப்போகிறோம், அக்கா அங்கே வந்து என்ன பண்ணப்போகிறாள் மாமா என்று சொன்னாள். சின்னப்பெண் விளையாட்டாகச் சொன்னது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை, சகலை. வயிற்றெரிச்சல்தான். மூடி மறைத்துப் பேச எனக்கு வராது. நாம் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர்கள். அங்கே பெல்ட்டு, ஹெல்மெட், கூட ஒரு ஆள் இல்லாமல் லிஃப்ட் குழிக்குள் இறங்கவே விடமாட்டார்கள் என்கிறீர்கள். கூட வருகிறவனுக்குச் சளி பிடித்தால் அன்றைக்கு வேலையே இல்லையாமே. இங்கே நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தனியாக இறங்குகிறேன். மேலே நின்றுகொண்டு குடியிருப்புச் செயலாளர், இன்னுமா முடியவில்லை என்று குரல் கொடுக்கிறார். வாயில் டார்ச் இருப்பதால் அவருக்குப் பதில் சொல்ல முடிவதில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

ஊரெல்லாம் லிஃப்ட்டை ஓடவைக்கிறவன், குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று ஏறுவாள். இங்கே டாக்டர் அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் மாத்திரை எழுதினார். அங்கே டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முட்டியைத் தொட்டுப் பார்த்து, எந்தப் படியில் வலிக்கிறது என்றெல்லாம் கேட்டாராம். அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. நானும்தான் கேட்டிருக்கிறேன், முட்டி எப்படி இருக்கிறது என்று. அதற்கெல்லாம் யாரும் அழுததில்லை.

அந்த ஊர்க் கம்பெனி இங்கே ஆள் எடுக்க வந்தபோது என்னையும்தான் கூப்பிட்டார்கள், உங்களுக்கே தெரியும். வேண்டாம், நமக்கு இங்கே என்ன குறைச்சல் என்று சொன்னது அவள்தான். இப்போது அதே வாயால், அப்பவே வந்திருக்கலாம் என்கிறாள். என் வயசுக்கு இனிமேல் எடுக்கமாட்டார்கள் என்று நீங்களே விசாரித்துச் சொல்லிவிட்டீர்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பாத்திரம் கழுவ மெஷின், சொன்ன நேரத்துக்கு வரும் பஸ், பூங்காவில் உடையாத பெஞ்சு, இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல நான் ம் கொட்டுகிறேன். குழந்தை அவள் தோளில் போட்டால்தான் தூங்குகிறதாம். எங்கள் வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்டதே இல்லை. மெஷினோடு நான் மல்லுக்கு நிற்கலாம், குழந்தையோடு எப்படி நிற்பது?

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை சுற்றிவளைத்தேன்.

அங்கே வந்த புதிதில் அவள் விடிவதற்கு முன்னால் எழுந்து உங்கள் வீட்டில் இருந்த அத்தனை பாத்திரத்திலும் தண்ணீர் பிடித்துவைத்தாளாமே. குக்கர், குழந்தை குளிக்கிற தொட்டி, பூ ஜாடி ஒன்று விடவில்லை என்று உங்கள் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். இருபத்திநாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் வரும் வீட்டில் இப்படியும் ஒருத்தி. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நம்ம ஆள்தான், மாறவில்லை என்று இருந்தது.

அப்போதெல்லாம் போனை எடுத்ததும் அவள் கேட்கிற முதல் கேள்வி, தண்ணி வந்துச்சா என்பதுதான். நான் எப்படி இருக்கிறேன் என்று அப்புறம்தான் கேட்பாள். எரிச்சலாகக்கூட இருக்கும். இப்போது கொஞ்ச நாளாக அவள் அதைக் கேட்பதில்லை. போன வாரம் நானாக, இன்றைக்குத் தண்ணீர் லேட் என்று எடுத்துக்கொடுத்தேன். அப்படியா என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்த கதைக்குப் போய்விட்டாள். இங்கே வாரத்தில் பாதி நாள் தண்ணீர் வருவதில்லை என்பது அவளுக்கு மறந்தேபோய்விட்டது, சகலை. அடுத்து எதை மறப்பாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் கட்டடத்தில் கீழ்வீடு காலியாகிறது. படி ஏற வேண்டாம். குழாய் வாசலிலேயே இருக்கிறது. வெளிச்சம் கொஞ்சம் மட்டு, மோட்டார் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும், உங்கள் வீட்டு ஜன்னல் மரமெல்லாம் கிடையாது. மாசக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லி வீட்டுக்காரர் நெருக்குகிறார். ஒரு ஆளுக்கு எனக்கு மூன்றாவது மாடியே போதும்.

அதனால் எனக்காக ஒரு காரியம் செய்யுங்கள். விண்ணப்பத்தில் அவளைக் கையெழுத்துப் போடச் சொல்வதற்கு முன்னால், அவள் குழாயைத் திறக்கிற நேரமாகப் பார்த்து, ஊரில் உங்கள் வீட்டில் தண்ணீர் வருகிறதோ என்னவோ என்று பேச்சுவாக்கில் சொல்லுங்கள். அவள் முகம் மாறினால் எனக்கு ஒரு போன் போடுங்கள், கீழ்வீட்டுக்குச் சரி சொல்லிவிடுகிறேன். முகம் மாறவில்லை என்றால் போன் வேண்டாம். அவள் அங்கேயே சுகமாக இருக்கட்டும். மனசார எழுதவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் என் அன்பு. பல் முளைத்த குட்டிம்மா நீண்ட ஆயுளோடு, எந்தக் குறையும் அறியாமல் வளரட்டும். அவள் பெரியம்மாவை எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சகலை

பி.கு.: கிழித்துப் போடச் சொன்னேன், வேண்டாம். சாப்பாட்டு மேசையில் மறந்து வைத்த மாதிரி வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு என் கையெழுத்து தெரியாது. அதையும் பக்கத்திலேயே வையுங்கள்.