ஒரு பெட்டிக்கு நாலு பேர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

கடையில் ஒரு சின்ன விஷயம். உருளைக்கிழங்குப் பெட்டி எடுக்கக் குளிர் அறைக்குள் போனால், மேனேஜர் பின்னாலேயே வந்து உரசுவார். எனக்கு எல்லாம் மரத்துப்போய்விட்டது. நேற்றும் வந்தார். உடனே பொரிக்கிற அக்கா கதவைத் திறந்து, "நானும் பெட்டி எடுக்கத்தான் சார் வந்தேன்" என்றாள். அவள் பின்னால் கல்லாப் பெண், தரை துடைக்கும் ஆயா. ஒரு பெட்டிக்கு நாலு பேர்! அவர் எங்களை விலக்கிக்கொண்டு வெளியே போனார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

இன்று அவர்கள் மூவரும் அவர்மேல் புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நாலாவது கையெழுத்து என்னுடையது.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, ராத்திரி போர்த்திக்கொள்ள. போன கடிதத்தில் கேட்ட தொளதொள ஸ்வெட்டர் வேண்டாம். அதைக் குளிர் அறைக்குள் போட்டுக்கொள்ளத்தான் கேட்டேன்; குளிருக்காக இல்லை, அம்மா.

உன் மகள்