சுருங்காத பக்கம்

மார்ச் 3, திங்கள்

மேலாளர் புது சர்வர் வாங்கப் போகிறாராம். ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஊர்ப்பட்ட மருத்துவமனைகள் எங்கள் தளத்தில்தான் பார்க்கின்றன. பக்கம் திறக்க யுகமாகிறது என்று புகார். "பெருசா ஒண்ணு வாங்கிட்டா பறக்கும்ல?" பறக்கும், பறக்கும். ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்.

ஒரு பக்கம் இரண்டு எம்பி. அத்தனையும் வெறும் எழுத்து. சுருக்கி அனுப்பினால் இருநூறு கேபிகூட வராது. ப்ரௌசர் தானாக விரித்துக்கொள்ளும். சர்வரின் கான்ஃபிக் ஃபைலில் நாலு வரி, அவ்வளவுதான். இந்தக் கட்டடத்தில் இது தெரிந்தவன் நான் ஒருத்தன். பெருமையா, சாபமா?

மார்ச் 4, செவ்வாய்

போட்டாயிற்று. தளத்தில் வேறு பக்கங்களில் உள்ள படங்களைத் தொடவில்லை. அவை ஏற்கெனவே சுருங்கியவை, மறுபடி பிழிந்தால் சர்வருக்குத்தான் மூச்சு வாங்கும். என் மேசையில் பக்கம் கண்ணிமைக்குமுன் வந்தது. மேலாளர் வாயைப் பிளந்தார். ஈ புகாதது ஆச்சரியம்.

எதிர் மேசையில் மென்பொருள் சோதனைப் பிரிவுப் பெண். நான் வைத்த பெயர் சந்தேகப் பிராணி. "வெளியிலேருந்து பாத்தீங்களா சார்?" என்றாள்.

"உள்ளேருந்து பாத்தாலும் வெளியேருந்து பாத்தாலும் சர்வர் ஒண்ணுதாம்மா."

பிராணி தன் திரைக்குத் திரும்பிக்கொண்டது. நிம்மதி.

மார்ச் 6, வியாழன்

அண்ணி போன் செய்தார். மலைமேல் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸ். "தம்பி, உங்க பக்கம் இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு."

"போனை மாத்துங்க அண்ணி."

செங்கல் மாதிரி ஒரு போனை வைத்துக்கொண்டு என்னைக் குறை சொல்கிறார்கள்.

சந்தேகப் பிராணி ஏதோ சொல்ல வந்தது. கையாலேயே அனுப்பிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

அதே புகார், இன்னும் ஏழு இடங்களிலிருந்து. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணன் பேசினான். "அவ உன்கிட்ட பேச மாட்டேங்கிறா. அதான் நான்."

நேற்று அங்கே ஒரு கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு. பரிசோதனை முடிவு பார்த்துத்தான் கீழே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப முடியும். பக்கம் பாதி வரும், அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. பதினோரு நிமிடம். கடைசியில் அண்ணி பரிசோதனைக் கூடத்துக்கே போன் போட்டு எண்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸ் கிளம்பியிருக்கிறது. தாய் பிழைத்துவிட்டாள்.

"குழந்த?"

"அத நீயே அவகிட்ட கேளு."

கேட்கவில்லை. சிக்னலுக்கு நானா பொறுப்பு? — நானா?

மார்ச் 12, புதன்

நானே எழுந்து எதிர் மேசைக்குப் போனேன். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். வெளியிலிருந்து பார்த்தால் பக்கம் இரண்டு எம்பி. முழுசாக. ஒரு கேபிகூடக் குறையவில்லை.

"உங்க மேசைலேருந்து நேரா சர்வருக்குப் போகுது சார். ஆஸ்பத்திரிங்க எல்லாம் நடுவுல ப்ராக்ஸின்னு இன்னொரு சர்வர் வழியா வருது. அப்படி வந்தா நம்ம சர்வர் சுருக்காது, அதான் அதோட வழக்கம். நாமதான் சுருக்குன்னு சொல்லணும். ஒரே வரி."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"ஆறாம் தேதி மெயில் போட்டேன். நேர்லயும் வந்தேன்."

மெயில் திறக்காமலே கிடக்கிறது. அந்த வரியை அவளே போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன், கம்பம் மாதிரி.

கெட்டிக்காரன். பெரிய கெட்டிக்காரன் நான். த்தூ.

மார்ச் 14, வெள்ளி

அண்ணியிடம் பேசினேன். குழந்தை இல்லை.

"லேட்டானதாலயா அண்ணி?"

"தெரியல தம்பி. யாராலயும் சொல்ல முடியாது." அப்புறம், "பக்கம் இப்ப சட்டுனு வருது" என்றார்.

திட்டியிருக்கலாம்.

மார்ச் 24, திங்கள்

சர்வர் இனி அவள் பொறுப்பு. எனக்குப் புகார் லைன். நானே கேட்டு வாங்கியதாக ஆபீஸில் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

ஏப்ரல் 2, புதன்

காலையிலிருந்து பதினாறு அழைப்புகள். கடைசியாக ஒரு கம்பவுண்டர். பெரியவர், குரலே நடுங்கியது. "எனக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் ஒண்ணும் புரியாது சார், கோவிச்சுக்காதீங்க."

"புரியவேண்டாம்யா. திரையில என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க. நிதானமா."

அரைமணி நேரம் சொன்னார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.