ஹுஸ்னியாவின் வெள்ளிக்கிழமை வாக்கியங்கள்

07.02.2025, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஹுஸ்னியாவின் மூன்று வாக்கியங்கள் வந்திருந்தன. எங்கள் பின்வளவில் குடியிருக்கும் றஹ்மத்தும்மாவின் மகள். றியாத்தில் ஒரு வீட்டில் வேலை. திரும்பி வந்து அறுகம்பையில் சுற்றுலா விடுதியொன்றில் சேர வேண்டுமென்று, நாற்பது வயதில் என்னிடம் ஆங்கிலம் படிக்கிறாள். தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புவாள். நான் கொப்பியில் பார்த்தெழுதி, சிவப்பு மையால் திருத்தி, அதைப் படமெடுத்து அனுப்புவேன். பிறகு எல்லாப் படங்களையும் அழித்துவிடுவேன், தொலைபேசியில் இடமில்லை.

'கெட் அப்' என்பதை இறந்தகாலத்தில் 'கெட் அப்ட்' ஆக்கியிருந்தாள். 'கொட் அப்' என்று திருத்தினேன். படலையைப் பார் என்று எழுதினேன். கதவுதான் அசையும், தூண் அசையாது. வினை மாறும், ஒட்டி நிற்கும் 'அப்' மாறாது.

குரற்செய்தி ஒன்றும் இருந்தது. "சேர், இனி தமிழில கதைக்கமாட்டன். டிரைவருக்குத் தமிழ் விளங்கும், எல்லாத்தையும் மெடத்துக்கிட்ட சொல்லிக் குடுக்கான். இங்கிலீசு இங்க ஒருத்தருக்கும் தெரியா."

நல்லது, பயிற்சி கூடும் என்று நினைத்தேன்.

21.02.2025

பிரேக் டவுன், புரோக் டவுன், புரோக்கன் டவுன். சலவை இயந்திரம் பழுதாகிவிட்டதாம். அதற்கு 'புரோக் டவுன்' சரியாக எழுதியிருந்தாள். அடுத்தது, ஹுஸ்னியாவின் சாப்பாட்டை மெடம் வெளியே வீசியதாக: 'த்ரோட் அவுட்'. 'த்ரூ' என்று திருத்தினேன். பழுதான சாப்பாடாக இருக்கும்.

14.03.2025 — நோன்பு

'மெடம் டேக்ட் எவே மை பாஸ்போர்ட்.' கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டாளாம். 'டுக்' என்று திருத்தி, பக்கத்தில் எழுதினேன்: நல்ல உதாரணம், இன்னும் இரண்டு எழுதவும்.

28.03.2025

இன்று ஒரே வாக்கியம். 'ஐ வோஸ் லொக்ட் இன் ஃபோர் டூ டேய்ஸ்.' இரண்டு நாள் உள்ளே பூட்டப்பட்டிருந்தேன். செயப்பாட்டு வினை நான் இன்னும் படிப்பிக்கவேயில்லை. ஒரு பிழையும் இல்லை. பெரிய சரி போட்டு, நட்சத்திரமும் வைத்தேன்.

நோன்பு திறந்து கஞ்சி குடிக்கையில் கொப்பியை என் மனைவி முனவ்வறாவிடம் காட்டினேன். தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பூட்டி வெச்சாங்களெண்டு புள்ள எழுதியிருக்கு. நீங்க ஸ்டார் போட்டிருக்கீங்க."

கொப்பியை முதற் பக்கத்திலிருந்து வாசித்தேன், திருத்தாமல். இதுதான் முதல் தடவை. வீசினாள். பறித்தாள். பூட்டினாள். யா அல்லாஹ், என்ன வேல செஞ்சிருக்கன் நான்? ஏழு வாரம் — ஏழு வாரமா அந்தப் புள்ள சொல்லிட்டே இருந்திருக்கு —

அழைத்தேன். தொலைபேசி நிறுத்திக் கிடக்கிறது.

04.04.2025, வெள்ளி

வாக்கியம் வரவில்லை.

08.04.2025

றஹ்மத்தும்மாவுடன் ஓட்டோவில் பிரதேச செயலகத்துக்கு, வெளிநாட்டு வேலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் போனேன்.

"பெருநாளைக்கும் கோல் எடுக்கல்ல சேர். உங்களோட இங்கிலீசில கதைச்சாளா?"

"ஓம்."

"சந்தோசமா இருக்காளாமா?"

சொன்னேன். அவர் அழவில்லை. கொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எழுத்து தலைகீழாக இருந்தது. நான் திருப்பி வைக்கவில்லை.

உத்தியோகத்தர் பொறுமையாகப் புரட்டினார். "எல்லாம் ஒரே கையெழுத்தாக் கிடக்கே சேர். இதில அவ எழுதினது எது?"

கறுப்பும் நான், சிவப்பும் நான். முறைப்பாட்டைத் தூதரகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

25.04.2025

இல்லை.

16.05.2025, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது தொலைபேசி அதிர்ந்தது. தெரியாத இலக்கம். கிழிந்த மட்டைத் துண்டொன்றின் படம், அதில் அவளுடைய கையெழுத்து.

'ஐ ரண்ட் எவே.'

தப்பி ஓடிவிட்டாள்.

பேனையை எடுக்கவில்லை. படத்தை அழிக்கவில்லை. எங்கே இருக்கிறாய் மகள் என்று ஆங்கிலத்தில் கேட்டு அனுப்பினேன். முனவ்வறா பின்வளவுக்குப் போய் றஹ்மத்தும்மாவைக் கூட்டி வந்தாள். மூன்று பேரும் தொலைபேசியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிற்பகல் அஸருக்குப் பாங்கு சொல்லியாயிற்று. என் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சரி மட்டும் விழுந்திருக்கிறது. அவளைப் போய்ச் சேர்ந்ததைக் காட்டும் இரண்டாவது இன்னும் விழவில்லை.