உங்கள் இடத்தில் நான் மான் வேட்டைக்கு

ஏச்சையும் பாசத்தையும் ஒரே மூச்சில் தரத் தெரிந்த என் குணம் அண்ணைக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். உங்களிடம் இனி அதை எப்படிக் கேட்பது? ஆகவே இங்கத்தைய செய்தியை முதலில் சொல்கிறேன். நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. வருகிற வெள்ளிக்கிழமை நான் எங்கள் வீட்டுக்காரர் சின்யோரேயோடு கனடாவுக்குப் போகிறேன். நீங்கள் போயிருக்க வேண்டிய பயணம் அது.

இந்தக் கடிதத்தை இத்தாலியில், பலெர்மோவில் எங்கள் ஆட்கள் போடுகிற ஆண்டு மலருக்குக் கொடுக்கிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும். உங்களுக்கு மட்டும் எழுதி மடித்து வைத்தால் அதுவும் ஒரு ஒளிப்புத்தான்.

கால்சாப் பகுதியில் நாலாம் மாடியில் இருக்கிற சின்யோரேயின் வீட்டில் நீங்கள் பதினொரு வருடம் வேலை செய்தீர்கள். வழக்கறிஞராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், எழுபத்துமூன்று வயது, சீனி வருத்தம். அவருக்கு ஒரே ஆசை. வட கனடாக் காட்டில் பெரிய கொம்புள்ள வெள்ளைவால் மான் ஒன்றைச் சுட்டு, தலையைப் பாடம் பண்ணி, மேசைக்கு மேலே வெறுமையாகக் கிடக்கிற சுவரில் மாட்ட வேண்டும். பக்கத்துச் சுவரில் காட்டுப்பன்றித் தலை ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை தூசி தட்டிய கையோடு நீங்கள் அதன் நெற்றியில் விபூதி பூசிவிட்டு வர, பூஞ்சணம் பிடித்துவிட்டதென்று அவர் மனைவி சின்யோரா பதறினாரே, அதே பன்றி.

தனியே போகக்கூடாது என்று டொக்டர் சொன்னதால் ஊசி போடவும் சாமான் தூக்கவும் கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள் என்றுதான் முதலில் பேச்சு. வேட்டைக்கு முதல் நாலு நாள் ரொறன்ரோவில் தங்குவதென்றும் சின்யோரே ஒப்புக்கொண்டிருந்தார். பதினேழு வருடமாகக் காணாத அம்மா அங்கே உங்கள் தங்கச்சியோடு இருக்கிறார். நீங்களாகத் தனியே கேட்டபோது இரண்டுதரம் விசா மறுத்துவிட்டார்கள். "மானைச் சுடப் போறது சின்யோரே. நான் போறது அம்மாவைப் பாக்க," என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தீர்கள்.

இப்போது நான் செய்கிற ஆயத்தங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். மானுக்குக் கண்ணைவிட மூக்குத்தான் கூர்மையாம். வேட்டை முகாம்காரர் அனுப்பிய பட்டியலில் முதலாவதே மணமில்லாத சவர்க்காரம். உடுப்பெல்லாம் அதில் தோய்த்து, காற்றுப் புகாத பையில் கட்டி வைத்திருக்கிறேன். தலைக்கு எண்ணெய் இல்லை, வீட்டில் சாம்பிராணி இல்லை. சின்யோரேயின் கட்டளைப்படி இரண்டு கிழமையாக எனக்கு வெங்காயமும் உள்ளியும் மிளகாய்த்தூளும் கூட இல்லை. "பிள்ளை பெத்த எனக்கே இவ்வளவு பத்தியம் இருக்கேல்லை," என்கிறாள் என் மனுசி சுமதி.

அங்கே மரப்பலகை அடித்த சின்ன மறைப்புக்குள் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை அசையாமல் இருக்க வேண்டும். இருமவும் கூடாது. அதற்குப் பழக்கமென்று மொட்டைமாடியில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரை போட்டு என்னையும் இருத்திவிடுகிறார். துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் திரும்பக்கூடாது. உங்களை இருத்தியபோது குறட்டை விட்டீர்களாமே? இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

காட்டில் மரத்தில் கட்டிவைத்த கமரா எடுக்கிற படங்களை வழிகாட்டி போனுக்கு அனுப்புகிறார். கொம்பில் பக்கத்துக்கு ஐந்து கிளையோடு ஒரு கிழட்டு ஆண் மான். இதைவிடச் சின்னக் கொம்பென்றால் துவக்கைத் தூக்கவே விடமாட்டேன் என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சின்யோரே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். நானும் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். பார்க்கிற ஒவ்வொரு தரமும் இது உங்கள் இடம் என்றுதான் தோன்றுகிறது.

மலரை வாசிக்கிற இளம் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலை செய்கிற வீட்டைத்தான் நாங்கள் "என்ரை வீடு" என்போம். நோயென்றோ ஊருக்கென்றோ போகிறவர் தன் வீட்டுக்குத் தன் ஆளையே மாற்றுக்கு நிறுத்திவிட்டுப் போவார். மாற்றுக்கு நிற்பவன் வீட்டுக் கதவுத் திறப்பை வாங்கியபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு அளவுக்கு மிஞ்சிப் பிடித்துப்போகவும் கூடாது. பலெர்மோவில் எங்கள் ஆட்களின் மானம் இதில்தான் இருக்கிறது.

போன வருடம் பங்குனியில் உங்களுக்கு ஒப்பரேசன். நாற்பது நாளுக்கு என்னை மாற்றுக்கு விட்டீர்கள். வன்னியிலிருந்து ஒற்றைப் பையோடு வந்தவனுக்குப் போர்கோ வெக்கியோப் பகுதியில் அப்போதிருந்த அறையில் உங்கள் கட்டிலில் பாதியைத் தந்தவர் நீங்கள். என்னை விடாமல் வேறு யாரை விடுவீர்கள்? "நல்லா வேலை செய். ஆனா என்னைவிட நல்லாச் செய்யாதை. கோப்பியைக் கொஞ்சம் கருக விடு," என்றீர்கள். நான் கோப்பியைக் கருக விடவில்லை அண்ணை.

நீங்கள் திரும்பி வந்த நாள் லிப்ட் வேலை செய்யவில்லை. தண்ணீர்ப் போத்தல் கட்டு இரண்டைத் தூக்கிக்கொண்டு படியேறினீர்கள். மூன்றாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்து ஒன்றை வாங்கவில்லை.

மறுநாள் சின்யோரே என்னைக் குசினியில் வைத்துக் கேட்டார். "முகாமுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். குணத்துக்கு இன்னும் மூச்சு வாங்குகிறதா? உண்மையைச் சொல்லு."

"படியிலை நிண்டு நிண்டுதான் ஏறுறார்," என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன்.

அது பொய்யில்லை. ஆனால் தண்ணீர்க் கட்டை நான் சொல்லவில்லை. கனடா பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது அண்ணை. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எழுதியிருப்பேன்.

முகாமுக்கு என் பெயர் போனது. வீட்டு வேலையும் எனக்கே வந்தது. உங்களுக்குக் கிழமையில் மூன்று நாள் உடுப்பு அயன் பண்ணுகிற வேலை மட்டும் மிஞ்சியது. என் பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குகிற அனுமதிப் பத்திரம், புதுப்பிக்கக் கொடுத்து வராமல் கிடந்ததால் விசா பிந்தி, வேட்டையே ஒரு வருடம் தள்ளிப்போனது. உங்களிடம் காலவரை இல்லாத பெர்மெஸ்ஸோ இருந்தது. உங்கள் பெயர் போயிருந்தால் சென்ற கார்த்திகையிலேயே அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டீர்கள். அடுத்த கிழமை சீசாப் பகுதியில் உங்கள் அறையில் படுத்தவர் காலையில் எழும்பவில்லை.

"அந்தக் குளிருக்குள்ளை போயிருந்தா அங்கையே விழுந்திருப்பார். உங்களைப் போட்டு வருத்தாதேங்கோ," என்கிறாள் சுமதி. விழுந்திருக்கலாம். ஆனால் அம்மாவைப் பார்த்த பிறகல்லவா விழுந்திருப்பீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் எடுத்தார். "தம்பி நேசன், நீ வாறது அவன் வாற மாதிரித்தான். என்ன சாப்பிடுவாய் எண்டு சொல்லு," என்றார். பிறகு கேட்டார். "போன வருசம் வாறன் எண்டெல்லோ சொன்னவன். பிறகு ஏன் அவனைக் கழிச்சு விட்டவை?"

"விசா சரிவரேல்லை அம்மா," என்றேன்.

"ஓம், அது முந்தியும் அப்பிடித்தானே. நாங்கள் குடுத்து வைச்சது அவ்வளவுதான்," என்றார். நம்பிவிட்டார். எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது.

புதன்கிழமை துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்ட ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தோம். சின்யோரே குழலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எப்படி வாய் வந்ததோ தெரியாது, கேட்டுவிட்டேன். உங்கள் மூச்சைப் பற்றி நான் சொன்னது உங்களுக்குத் தெரியுமா என்று.

"தெரியும். அன்றைக்கே கூப்பிட்டுச் சொன்னேன். உன் நண்பன்தான் சொன்னான் என்றேன். ஏன், மறைக்க இதில் என்ன இருக்கிறது?"

"அவர் என்ன சொன்னார்?"

"நேசன் பொய் சொல்ல மாட்டான் சின்யோரே, என்றான். பிறகு அயன் பண்ணப் போய்விட்டான்."

அதற்குப் பிறகு என்னால் அந்த அறையில் நிற்க முடியவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டா எங்கள் வீட்டுப் பொங்கலைச் சாப்பிட்டீர்கள்? தேத்தண்ணிக்குச் சீனி கூடினால் அரைமணித்தியாலம் ஏசுகிற மனிதர் இதற்கு மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை? மன்னித்துவிட்டீர்களா, இல்லை இவனோடு என்ன கதை என்று விட்டுவிட்டீர்களா? ஒரு தரம் ஏசியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். விழுந்திருப்பேனா என்பதுகூட இப்போது எனக்கு நிச்சயமில்லை.

வேறு ஆளைப் பாருங்கள் என்று சின்யோரேயிடம் சொல்ல வெளிக்கிட்டேன். பாதிப் படியில் யோசித்தேன். போகாமல் விட்டால் யாருக்குச் சுகம்? எனக்குத்தான். அம்மாவின் முகத்தைப் பாராமல் தப்பிவிடலாம்.

அதனால் போகிறேன். மான் கிடைக்கிறதோ இல்லையோ, அது சின்யோரேயின் பாடு. எனக்கு அந்த முதல் நாலு நாளும்தான். அம்மா எனக்காகச் சமைத்து வைத்திருப்பார். தட்டில் சோறு விழுவதற்கு முன்னமே சொல்லிவிடுவேன். விசா இல்லை அம்மா, நான்தான் என்று. படியையும் தண்ணீர்க் கட்டையும், மேலே நின்று பார்த்ததையும் சொல்வேன். நேசன் பொய் சொல்ல மாட்டான் என்று நீங்கள் சொன்ன சொல் உங்கள் அம்மாவிடமாவது உண்மையாகட்டும். கேட்ட பிறகும் அவர் சோறு போட்டால் சாப்பிடுவேன். போடாவிட்டால், ஏன் என்று கேளாமல் எழும்பிப் போவேன்.

நீங்கள் கடைசிவரை தம்பி என்றே கூப்பிட்ட,
நேசன்
பலெர்மோ