அரை சென்டிமீட்டர் வெளியே போன வளைவு

சேக்காடு, ஆவடி
ஜூலை 28

அன்பு மகள் அருள்மொழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது சுகமில்லை. மஸ்கட்டில் வெயில் எப்படி, ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்ததும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. அம்மாவின் கணக்குப் பரீட்சையைப் பற்றி போனில் கேட்டாய், அவள் "இன்னாமோ எழுதிகீறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள், அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் கட்டிங் பிரிவுக்குச் சூப்பர்வைசர் வேண்டும். அவளுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ் இருக்கிறது, பத்தாவது பாஸ் இல்லை. ஆகஸ்ட் பதினைந்துக்குள் சர்டிபிகேட் காட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். போன பரீட்சையில் மற்ற நான்கும் தேறி, கணக்கில் மட்டும் முப்பத்தொன்று, நான்கு மார்க் குறைவு. இதுவரை உனக்குத் தெரியும். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தது தெரியாது. வரைபடத்துக்கு எட்டில் இரண்டுதான் போட்டிருந்தார்கள். பக்கத்து பிளாட் ஸ்வாதி, ஐடியில் இருக்கிற பெண், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். y = x² − 6x + 5. அட்டவணை சரி, ஏழு புள்ளிகளும் சரி, வளைவும் வழவழவென்று இருந்தது, ஆனால் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. சுற்றிலும் அரை சென்டிமீட்டர் வெளியே போயிருந்தது. x அச்சை ஒன்றிலும் ஐந்திலும் வெட்ட வேண்டிய வளைவு அரையிலும் ஐந்தரையிலும் வெட்டியது, அதையே தீர்வு என்றும் எழுதியிருந்தாள். ஏன் ஆன்ட்டி என்று ஸ்வாதி கேட்டதற்கு, "தையலுக்கு உட வேணாமா?" என்று, துணியைக் கோட்டுக்கு வெளியே தள்ளியே வெட்டிப் பழகிய உன் அம்மா திருப்பிக் கேட்டாள். இதை யாரும் தைக்கப் போறதில்ல ஆன்ட்டி என்றாள் ஸ்வாதி. ஜூன் முழுதும் அம்மா தினம் ஒரு வரைபடம் போட்டாள். இருபத்தாறாவது தாளில்தான் கோடு புள்ளிகளின் மேல் போனது.

துணைத் தேர்வு பூந்தமல்லியில் ஜூலை ஏழு. அதே கணக்கே திரும்ப வந்தது. இவள் அட்டவணையில் x-க்குப் பூஜ்யம் முதல் மூன்று வரை மட்டும் போட்டு, இடது பாதியை மட்டும் புள்ளிகள் மேலேயே வரைந்து, x = 3 என்ற கோட்டில் தாளை நேராக மடித்து, புடவையில் இருந்த ஊக்கை எடுத்துப் புள்ளிகள் மேல் குத்தியிருக்கிறாள். மறுபாதிப் புள்ளிகள் ஓட்டையாக வந்துவிட்டன, அதைப் பார்த்து அட்டவணையை நிரப்பினாளாம். மேற்பார்வை சார் வந்து, "இன்னாம்மா, பேப்பர மட்ச்சி ஓட்ட போட்டுகினு கீற?" என்றாராம். "கழுத்துக்கு ஒரு பக்கந்தான் சார் வரைவோம், மறு பக்கம் தானா வந்துடும்" என்றாளாம் இவள். "இது ஜாக்கெட் இல்லம்மா, கவர்மென்ட் பேப்பரு" என்று தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். வளைவு மேல்நோக்கித் திறக்கிறது, அடிமுனை (3, −4), சமச்சீர் அச்சு x = 3, தீர்வுகள் 1, 5, மூலங்கள் மெய், சமமற்றவை என்று எழுதிவிட்டு வந்தாள். ஓட்டை போட்ட தாளைத் திருத்துவார்களா என்ற பயத்தில் மூன்று வாரம் இந்த வீட்டில் யாரும் ஊக்கு என்ற பேச்சையே எடுக்கவில்லை. நேற்று ரிசல்ட் வந்தது, முப்பத்தொன்பது. இரண்டு தடவை பார்த்துவிட்டு, உலை கொதிக்கிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். உலை வைத்திருக்கவில்லை.

நீ கேட்ட மூன்று ஜாக்கெட்டுகளும் பார்சலில் வருகின்றன. அவை ஜூன் கடைசியில் வெட்டியவை. அந்த வாரம் அவள் கை எல்லாவற்றையும் கோட்டின் மேலேயே வெட்டியது, தையலுக்கு விடவில்லை. அதே வாரம் அம்மா வெட்டிக் கொடுத்த ஜாக்கெட்டை ஸ்வாதி போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போய், அட்சதையை இடுப்புக்கு மேலே தூக்கிப் போட முடியாமல் வந்தாள். அதை அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை. நீயும் போட்டோ அனுப்பும்போது கையைத் தொங்கவிட்டு நில், அளவு சரியாக இருக்கிறது என்று சொல். வெயிலில் அலையாதே, நேரத்துக்குத் தூங்கு, நீ நல்லபடியாக இருக்க எங்கள் இருவர் ஆசியும் உண்டு.

உன் அப்பா,
துலுக்கானம்